பழைய டெஸ்க்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு, பத்து வருடம் ஓடிய டெஸ்க்டாப்பை வைத்துக்கொண்டு "ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் போதுமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எந்தக் கார்டு என்பதை முன்பே முடிவு செய்திருப்பார்கள். நான் அந்தப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, முதலில் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொல்வேன். எந்தக் கார்டு பொருந்தும் என்பதை மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியும், உள்ளே இருக்கும் இடமும், ப்ராசஸரும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இவை மூன்றையும் பார்க்காமல் வாங்கிய கார்டு பெட்டியோடு திரும்பிப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கார்டு மாற்றினால் கம்ப்யூட்டர் வேகமாகிவிடுமா?

கேம், வீடியோ எடிட்டிங், பிளெண்டர் போன்ற முப்பரிமாண வேலைகள் வேகமாகும். கம்ப்யூட்டர் ஆன் ஆக நேரம் எடுக்கிறது, பிரவுசர் திறக்க நேரம் எடுக்கிறது என்றால் அதற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் சம்பந்தமில்லை. இன்னும் ஹார்டு டிஸ்கிலிருந்துதான் விண்டோஸ் ஓடுகிறது என்றால், முதல் செலவு அதைவிட வேகமான சேமிப்பான எஸ்எஸ்டிக்குத்தான். ராம் ஒரே ஒரு ஸ்டிக்காக இருந்தால், அதே அளவில் இன்னொன்றை வாங்கி, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்படி இரட்டைச் சேனலாக்குங்கள். கார்டைத் தொடாமலேயே பல கேம்களில் திணறல் குறைவது தெரியும்.

திணறுவது கார்டா, ப்ராசஸரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பைசா செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கேமை வழக்கமான ரெசல்யூஷனில் ஓட்டி எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை காட்சிகள் என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1920x1080-இலிருந்து 1280x720-க்கு இறக்கி அதே இடத்தில் மறுபடி பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கார்டு. 45 என்பது 46 ஆகி அங்கேயே நின்றால் தடை ப்ராசஸரில். எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த 46 மாறாது.

டாஸ்க் மேனேஜரிலும் பார்க்கலாம், ஆனால் அங்கே ஏமாறுவது சுலபம். "சிபியு 50 சதவீதம்தான் காட்டுகிறது, அப்படியானால் ப்ராசஸர் தாராளமாக இருக்கிறதே" என்பார்கள். அது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எல்லாக் கோர்களின் சராசரி. நான்கு கோரில் ஒன்று முழுதாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, மற்றவை லேசாக ஓடினால் சராசரி பாதிதான் காட்டும். வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, கோர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் நிலையாக நின்றால் கார்டு முழு வேலை பார்க்கிறது என்று அர்த்தம்.

என் ப்ராசஸர் பழசு. எந்த அளவுக்குப் போகலாம்?

இரண்டாம் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறை வரையிலான கோர் ஐ5 என்றால் நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்). இவற்றுக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் அளவில் நிறுத்திக்கொள்வது என் யோசனை. அதே காலத்து ஐ7 எட்டு த்ரெட் கொண்டது, இன்னும் கொஞ்சம் தாங்கும். கோர் 2 டுவோ வைத்திருந்தால், கார்டுக்குச் செலவிடவே வேண்டாம் என்பேன். வீடியோ பார்க்க மட்டும்தான் என்றால் வேறு விஷயம்.

இணையத்தில் ப்ராசஸர், கார்டு என இரண்டு பெயர்களைக் கொடுத்தால் "பாட்டில்நெக் (தடை) 23 சதவீதம்" என்று சொல்லும் கணிப்பான்கள் இருக்கின்றன. அவற்றை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரே ப்ராசஸர், ஒரே கார்டு, ஆனால் ஒரு கேமில் கார்டு திணறும், இன்னொரு கேமில் ப்ராசஸர் திணறும். ரெசல்யூஷனை ஏற்றினால் கார்டின் சுமை ஏறும், ப்ராசஸரின் சுமை அநேகமாக அப்படியே இருக்கும். இதையெல்லாம் ஒரே எண்ணில் அடைக்க வழியில்லை.

என் மதர்போர்டில் பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 ஸ்லாட்தான். புதுக் கார்டு வேலை செய்யுமா?

செய்யும். கார்டைச் செருகும் ஸ்லாட்டின் தரமான பிசிஐ எக்ஸ்பிரஸ், பின்னோக்கிப் பொருந்தும்படி வடிவமைக்கப்பட்டது. 4.0 கார்டைப் 2.0 ஸ்லாட்டில் செருகினால் இரண்டும் பேசி 2.0 வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். இரண்டாம் தலைமுறை கோர் ஐ5 வரை 2.0, மூன்றாம் தலைமுறையில் 3.0 வந்தது.

பார்க்கவேண்டியது கார்டுக்கு எத்தனை லேன் என்பதை. லேன் என்பது தரவு போகும் பாதை. 16 லேனில் 2.0 நொடிக்குச் சுமார் 8 ஜிபி கடத்தும், 3.0 சுமார் 16 ஜிபி. 16 லேன் கார்டு 2.0 ஸ்லாட்டில் இருந்தால் இழப்பு பெரிதாகத் தெரியாது. ஆனால் 2022 ஜனவரியில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியைப் பாருங்கள். கனெக்டர் முழு நீளமாகத் தெரியும், உள்ளே இணைப்பு 4 லேன் மட்டும். 4.0 போர்டில் அதற்கு 8 ஜிபி பாதை கிடைக்கும். 3.0-இல் அது 4 ஆகும், 2.0-இல் 2 ஆகும். அந்தக் கார்டில் மெமரியும் 4 ஜிபிதான். அது நிரம்பியதும் மிச்சத் தரவு கம்ப்யூட்டரின் ராமுக்கும் கார்டுக்கும் நடுவே இந்த ஒடுக்கமான பாதையில்தான் ஓடவேண்டும். புதுப் போர்டில் நன்றாக ஓடிய கேம் பழைய போர்டில் நின்று நின்று போவதற்கு இதுதான் காரணம். பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள்தான் விலை குறைந்த கார்டைத் தேடுவார்கள், அவர்களுக்குத்தான் இந்தக் கார்டு பொருந்தாமல் போகிறது. ஆர்எக்ஸ் 6400-உம் அதே 4 லேன்தான். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன். 3.0 போர்டில் அதைத் தயங்காமல் போடலாம்.

இன்னொன்று: சில போர்டுகளில் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கும். ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருப்பதில் போடுங்கள். கீழே இருப்பது பெரும்பாலும் 4 லேன்தான்.

என் எஸ்எம்பிஎஸ் 450 வாட். போதுமா?

பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 450-ஐ வைத்துப் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் வரிசையிலிருந்துதான். அந்த எண்ணை 12-ஆல் பெருக்குங்கள்.

நண்பர் ஒருவரின் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 17 ஆம்பியர் என்று இருந்தது. 12 பெருக்கல் 17, ஆகமொத்தம் 204 வாட். வெளியே எழுதியிருந்தது 450. மிச்சம் எல்லாம் 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கணக்குக் காட்டியது, இன்றைய கம்ப்யூட்டருக்கு அது பெரும்பாலும் பயன்படாது. நல்ல தயாரிப்பாக இருந்தால் அதே 450 வாட்டில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் அளவில் இருக்கும். அதாவது 432 வாட்.

அவருடைய ப்ராசஸர் 84 வாட். வாங்க நினைத்த கார்டு 125 வாட். இவை இரண்டும் சேர்ந்தாலே 209 வாட். ஹார்டு டிஸ்க், ஃபேன், போர்டு எல்லாம் அதற்கு மேல். கார்டைப் போட்டால் விண்டோஸ் வரும், படம் ஓடும், பிரவுசர் ஓடும். கேம் தொடங்கிய சில நிமிடத்தில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து மறுபடி ஆன் ஆகும். எத்தனையோ பேர் இதை "கார்டு போச்சு" என்று நினைத்து மாற்றக் கொடுத்திருக்கிறார்கள். என் நண்பர் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிய பிறகுதான் கார்டு வாங்கினார்.

வயதும் முக்கியம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் சூட்டில் வருடக்கணக்கில் உலர்ந்து திறன் இழக்கும். பின்பக்க வலை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி எதையும் செருகாதீர்கள். திருகைக் கழற்றித் திறந்து பார்க்கவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பத்து வருடமான, பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால், கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முதலில் அதை மாற்றுங்கள். கார்டு ஒரு படி கீழே இறங்கினாலும் பரவாயில்லை. அடுத்த கம்ப்யூட்டருக்கும் அதே எஸ்எம்பிஎஸ் கூட வரும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்குத் தனி மின்சாரம் தரும் 6 பின், 8 பின் கேபிள் இல்லை. மாற்றுக் கனெக்டர் போடலாமா?

ஹார்டு டிஸ்குக்குப் போகும் சாட்டா மின் கேபிளிலிருந்து 6 பின் ஆக்கும் கனெக்டரைப் போடவே கூடாது. கணக்கு எளிது. சாட்டா மின் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 4.5 ஆம்பியர், 54 வாட். 6 பின் கனெக்டரோ 75 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. பிளாஸ்டிக் உருகி, கருகி, சில சமயம் தீயே பிடிக்கும். சாட்டாவிலிருந்து 8 பின் என்றும் விற்கிறார்கள். 8 பின்னுக்கு 150 வாட். யோசித்துப் பாருங்கள்.

பழைய நான்கு பின் வகையான மோலெக்ஸ் கனெக்டர்கள் இரண்டை ஒரு 6 பின்னாக்குவது அதைவிடப் பாதுகாப்பு, ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு கேபிளில் இருந்து வரவேண்டும். எப்படியானாலும், 6 பின் கேபிளே தராத எஸ்எம்பிஎஸ் என்றால் அதைத் தயாரித்தவர் இப்படிப்பட்ட கார்டை எதிர்பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

ப்ராசஸருக்குப் போகும் 8 பின்னும் கார்டுக்குப் போகும் 8 பின்னும் பார்க்க ஒன்று போல இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். முதலாவது 4+4 ஆகப் பிரியும், இரண்டாவது 6+2 ஆகப் பிரியும். நுழைய மறுத்தால் அழுத்தாதீர்கள். கேபிள்கள் கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், அதற்கு வந்த கேபிள்களை மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும்.

தனியாகக் கேபிள் கேட்காத கார்டு இருக்கிறதா?

இருக்கிறது. ஸ்லாட்டே 75 வாட் வரை தரும். அந்த வரம்புக்குள் ஓடுபவை 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி, சுமார் 53 வாட்டில் ஓடும் ஆர்எக்ஸ் 6400. கவனம், 1650-இலும் 1050 டிஐ-இலும் சில தயாரிப்பாளர்கள் 6 பின் வைத்து விற்றிருக்கிறார்கள். படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இல் 8 ஜிபி என்று இன்னொன்றும் உண்டு. அது 130 வாட், கேபிள் இல்லாமல் ஓடாது.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாத கம்ப்யூட்டருக்கு ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி-தான் என் முதல் தேர்வு.

அலுவலகத்தில் கழித்த பிராண்டட் கம்ப்யூட்டர், மெலிந்த கேபினெட். அதில் போடலாமா?

போடலாம், உயரம் குறைந்த கார்டு மட்டும். லோ புரொஃபைல் என்று கேட்டு வாங்குங்கள். குட்டை பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் கேபினெட்டில் திருக முடியாது. இந்தக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் மதர்போர்டு கனெக்டரும் அந்த நிறுவனத்துக்கே உரியவை, கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே போகாது. அதனால் மேலே சொன்ன 75 வாட் பட்டியலுக்குள் நின்றுவிடுங்கள்.

இடம் போதுமா என்று எப்படி அளப்பது?

டேப் எடுத்து, கேபினெட்டின் பின்பக்க பிராக்கெட் துளையிலிருந்து முன்னால் எது முதலில் தடுக்கிறதோ அதுவரை அளக்கவும். பழைய கேபினெட்டுகளில் தடுப்பது ஹார்டு டிஸ்க் கூடுதான். கார்டின் நீளம் தயாரிப்பாளர் தளத்தில் மில்லிமீட்டரில் இருக்கும். அத்துடன் கனெக்டர் மேலே நீட்டிக்கொண்டு, கேபிள் வளைய ஒரு மூன்று விரல் இடம் கேட்கும். தடிமனையும் பாருங்கள். இரண்டு ஸ்லாட் அகலக் கார்டு, கீழே இருக்கும் சாட்டா போர்ட்டுகளை மறைத்துவிடலாம்.

என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது.

என்விடியாவில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து விஜிஏ கேட்கும் அனலாக் சிக்னலே கிடையாது. பழைய டிவிஐ-விஜிஏ அடாப்டர் இனி உதவாது. எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளேபோர்ட்டை விஜிஏவாக மாற்றும், உள்ளே சில்லு உள்ள கன்வெர்ட்டர் வேண்டும்.

4 ஜிபி மெமரி போதுமா, 8 ஜிபி வேண்டுமா?

பழைய கேம், வீடியோ பார்ப்பது என்றால் 4 போதும். புதுக் கேம் என்றால் 8. கார்டின் மெமரி நிரம்பினால் எஃப்பிஎஸ் மெல்லக் குறையாது, திடீர் திடீரென நின்று குதிக்கும். ஆனால் மெமரி அளவை மட்டும் பார்த்து வாங்குவதும் தப்பு. ஜிடி 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் விற்றன. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, நொடிக்கு 48 ஜிபி. மற்றதில் டிடிஆர்4, நொடிக்கு 17-க்கும் குறைவு. இரண்டிலும் மெமரி அளவு 2 ஜிபி. கேமில் இரண்டும் ஒன்றல்ல. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் மெமரி வகையைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பிறர் பயன்படுத்திய பழைய கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், ஓட்டிப் பார்த்துவிட்டு. அரைமணி நேரம் கேமோ, கார்டை முழு வேகத்தில் ஓட்டும் ஸ்ட்ரெஸ் டெஸ்டோ ஓடட்டும். திரையில் வண்ணப் புள்ளிகள், கோடுகள் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஆட்டமும் கரகரப்பும் கூடாது. பிராக்கெட்டில் துரு இருந்தால் ஈரத்தில் கிடந்த கார்டு.

போலிகளும் உண்டு. பழைய சில்லில், கார்டுக்குள் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலை மாற்றி எழுதி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். உண்மையான 1050 டிஐ-இல் ஷேடர் (கணக்குப் போடும் சிறு கூறுகள்) எண்ணிக்கை 768. ஆர்எக்ஸ் 580 என்று சொன்னால் 2304 இருக்கவேண்டும். 2048 காட்டினால் அது வேறு மாடல், வேகம் ஆர்எக்ஸ் 570 அளவுக்குத்தான்.

கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங்கில் ஓடிய கார்டா என்று பயப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற நாணயம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும் ஏராளமான கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில்லைவிட ஃபேனும் மெமரியின் சூட்டைக் கடத்தும் பேடுகளும்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஸ்ட்ரெஸ் டெஸ்டில் சூடு கட்டுக்குள் இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காக ஒதுக்கமாட்டேன்.

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: புதுக் கேம்களுக்கான டிரைவர் இவற்றுக்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

இன்டெல் ஆர்க் கார்டு விலைக்கு நன்றாகத் தெரிகிறதே?

கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி உள்ள போர்டில் மட்டும். அது இல்லாவிட்டால் ஆர்க் கார்டுகள் மோசமாகத் தடுமாறும். இன்டெல் பத்தாம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டர் என்றால் விட்டுவிடுங்கள்.

மாட்டும்போது எதைக் கவனிக்கவேண்டும்?

மதர்போர்டின் பயாஸுக்கு அப்டேட் இருந்தால் பழைய கார்டு இருக்கும்போதே செய்துவிடுங்கள். பிறகு அணைத்து, மெயின் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உலோகத்தைத் தொட்டு உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பழைய கார்டின் திருகைக் கழற்றிய பின்னும் அது வராது, ஸ்லாட்டின் நுனியில் சின்னப் பிளாஸ்டிக் கொக்கி பிடித்திருக்கும். பத்து வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், விரல் நுனியால் பதமாக அழுத்துங்கள். புதுக் கார்டை நேராக இறக்கும்போது கொக்கி "டிக்" என்று விழவேண்டும். சத்தம் கேட்கவில்லை என்றால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பிராக்கெட்டின் நுனி சில கேபினெட்டுகளில் போர்டின் ஓரத்தில் இடித்து இப்படித் தூக்கிவிடும்.

போட்டாயிற்று, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை!

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பழக்கத்தில் மதர்போர்டின் போர்ட்டிலேயே மாட்டிவிடுவது ரொம்பச் சாதாரணம். அடுத்து 6 பின், 8 பின் கேபிள் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று. பிறகு கார்டைக் கழற்றி, மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். அதிலும் வராவிட்டால் மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிமோஸ் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால் பயாஸ்தான் சந்தேகம். சில பழைய போர்டுகள் புதுக் கார்டின் யுஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்) நிரலைப் புரிந்துகொள்ளாமல் கருந்திரையில் நின்றுவிடும். பயாஸ் அப்டேட் சிலவற்றில் தீர்க்கும், சிலவற்றில் வழியில்லை. பயாஸில், பழைய முறைக்கும் இடம்தரும் சிஎஸ்எம் என்ற செட்டிங்கை மாற்றச் சொல்வார்கள். மாற்றும் முன், விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டது என்று பாருங்கள். பழைய லெகசி முறை என்றால் சிஎஸ்எம்மை அணைத்ததும் விண்டோஸே திறக்காது.

பழைய டிரைவரை நீக்கவேண்டுமா?

என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கோ, அங்கிருந்து இங்கோ மாறினால் கட்டாயம். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற கருவியை சேஃப் மோடில் ஓட்டித் துடைத்துவிட்டு, புது டிரைவரைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அதுவரை இணைய இணைப்பைத் துண்டித்து வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் முந்திக்கொண்டு தானே ஒரு டிரைவரைப் போட்டுவிடும்.

கழற்றிய பழைய கார்டை விற்றுவிடலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். புதுக் கார்டின் பெட்டியில் வந்த நிலைமின்சாரத் தடுப்புப் பையில் போட்டு வையுங்கள். ஒருநாள் திரை கருப்பாக நின்றால், பழசை மாட்டிப் பார்த்தால் பிரச்சினை கார்டிலா போர்டிலா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இல்லாத கம்ப்யூட்டர் என்றால் விற்கவே வேண்டாம், அலமாரியில் இருக்கட்டும்.